இயக்கியும் யட்சியும்: இக்கால இந்தியச் சிற்பத்தில் ஒரு தொல் பெண்ணுருவின் மறுவருகை

1917ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பாட்னாவை அடுத்த தீதார்கஞ்சில் கங்கைக் கரையோரம் கல்லாலான பெண்ணுருவம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. வலக்கையில் சாமரம், இடக்கை முறிந்து போயிருந்தது. சுனார் மணற்கல்லின் மெருகு மட்டும் குன்றவில்லை. ஊர்மக்கள் அதனை நிறுத்திப் பந்தலிட்டு வழிபடத் தொடங்கினர். அலுவலர்கள் தலையிட்டு விரைவிலேயே அதனை அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசென்றனர். தீதார்கஞ்ச் யட்சி என்று கலை வரலாற்று நூல்கள் இன்று போற்றும் சிற்பம் இதுவே. மௌரியர் காலத்ததா, அதற்குப் பிற்பட்டதா என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது. அதன் பழமை குறித்து விரிவாக எழுதிய அறிஞர்கள், பந்தலில் அது பெற்ற குறுகிய கால வழிபாட்டை ஒரு துணுக்குச் செய்தியாகவே கடந்து சென்றுள்ளனர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியச் சிற்பிகள் யட்சியை மீண்டும் வடிக்க முற்பட்டபோது, அவர்கள் முன் இருந்தது எந்த யட்சி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பழம் பெண்ணுருவின் தாக்கம் என்று பொதுவாகச் சொல்லிவிடும்போது, வெவ்வேறு மூலங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அருங்காட்சியகத்தின் யட்சி வேறு, வாய்மொழிக் கதையின் யட்சி வேறு. இவ்விரண்டுக்கும் அப்பால், தென்கோடித் தமிழகத்தில் இன்றும் மண்ணால் வடிக்கப்பெறும் இசக்கி இருக்கிறாள்.

வங்கி வாயிலில் யட்சி

புது தில்லியில் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாயிலில் யட்சனும் யட்சியும் நிற்கின்றனர். இவற்றை வடித்தவர் சாந்திநிகேதனைச் சேர்ந்த ராம்கிங்கர் பெய்ஜ் (1906–1980). 1950களின் நடுப்பகுதியில் தொடங்கிய பணி முற்றுப்பெற ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிடித்தன. கல் காங்க்ரா பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. உருவங்கள் 20 அடிக்கும் மேலான உயரம் கொண்டவை. யட்சனுக்கு மதுரா அருங்காட்சியகத்தின் பர்கம் யட்சனும், யட்சிக்குக் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் பேஸ்நகர் யட்சியும் முன்மாதிரிகளாயின.

தேர்வின் தருக்கம் தெளிவானது. யட்சர்கள் குபேரனின் பரிவாரம், செல்வத்தின் காவலர். நாட்டின் கருவூலத்தைக் காக்கும் வங்கிக்கு அவர்களைவிடப் பொருத்தமான வாயிற்காவலர் அமைவது அரிது. ஆயினும் இத்தருக்கத்திற்குள் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. யட்சன் தொழில் வளத்தையும் யட்சி வேளாண் வளத்தையும் குறிப்பதாக விளக்கப்பட்டது. பார்குத், சாஞ்சிச் சிற்பங்களில் மரக்கிளையைப் பற்றி நிற்கும் யட்சி எதையும் குறிப்பவள் அல்லள். அவள் தீண்டினால் மரம் பூக்கும் என்பதே நம்பிக்கை. வளத்தைத் தருபவள் வளத்தின் குறியீடாக மாறியது, புதிய அரசின் திட்டமிடல் மொழி பழந்தெய்வத்தின்மேல் ஏறி அமர்ந்ததன் விளைவு. ராம்கிங்கரின் உளி இந்தக் குறியீட்டுக்கு முழுதும் கட்டுப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேஸ்நகர் யட்சியின் கனத்த நிலையை அவர் விடவில்லை. சந்தால் குடும்பம் (1938) போன்ற தம் முந்தைய படைப்புகளில் உழைக்கும் பெண்களுக்கு அவர் தந்த உடற்கட்டும் இதனோடு சேர்ந்துகொண்டது.

சிலை எழுந்தபோது, ஆடையற்ற பெண்ணுருவை அரசு நிறுவனத்தின் வாயிலில் நிறுத்துவது ஏன் என்று மாநிலங்களவையில் வினா எழுந்தது. மறைக்கப்படாத பெண் மேனி கொல்கத்தாவில் காட்சிப்பொருளாக ஏற்கப்பட்டிருந்தது. தெருவில் அது ஏற்கப்படவில்லை. வழிபாட்டுத் தொடர்பு அறுந்த உருவத்தைக் காக்க அருங்காட்சியகச் சுவர் தேவைப்பட்டது என்றே இதனைக் கொள்ளலாம். சுவரை விட்டு வெளியே வந்ததும் யட்சி தெய்வமாகவும் இல்லை, தொல்பொருளாகவும் இல்லை. வெறும் ஆடையற்ற பெண்ணாகவே காணப்பட்டாள்.

மலம்புழாவின் யட்சி

இரண்டாவது எடுத்துக்காட்டு பாலக்காட்டை அடுத்த மலம்புழா அணைப் பூங்காவில் உள்ளது. கானாயி குஞ்ஞிராமன் 1969இல் வடித்த யட்சி, 30 அடி உயரக் கான்கிரீட் உருவம். கால்களை அகல விரித்து அமர்ந்து, முகத்தை வான்நோக்கி உயர்த்தி இருக்கும் இவ்வுருவிற்கும் எதிர்ப்பு எழுந்தது. குஞ்ஞிராமன் சென்னைக் கலை, கைவினைப் பள்ளியில் பயின்றவர். பின்னர் இலண்டன் ஸ்லேடு பள்ளிக்குச் சென்றவர். மேற்கத்திய நவீனத்தை நகலெடுக்காமல் இந்திய மண்ணிலேயே வேர் தேட வேண்டும் என்று கே.சி.எஸ். பணிக்கர் மாணவரைத் தூண்டிய காலம் அது.

இச்சிலையைப் பேஸ்நகர், தீதார்கஞ்ச் மரபின் தொடர்ச்சியாகக் கொள்வது பொருந்தாது. கேரள யட்சி வளத்தின் தெய்வம் அல்லள். பாலை மரத்திலும் பனையிலும் உறைந்து, இரவில் வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டு, அவர்தம் குருதியைக் குடிப்பவள். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலை’ வழியே அச்சிலும் பரவிய கள்ளியங்காட்டு நீலி இவ்வகையினள். அச்சத்துக்குரிய அந்த இரவுப் பெண்ணைப் பகல் வெளிச்சத்தில், பல்லாயிரவர் வந்துபோகும் பூங்காவில் குஞ்ஞிராமன் அமர்த்தினார். அவருடைய சிற்பத்தின் துணிவு ஆடையின்மையில் மட்டும் இல்லை. கதையில் ஆணின் பார்வைக்கு மட்டுமே தோன்றி மறைபவளை, எவர் பார்வையையும் பொருட்படுத்தாது தன்னுள் ஆழ்ந்து இருப்பவளாக மாற்றியதில் அது உள்ளது.

கள்ளியங்காடு என்ற பெயர் நாகர்கோவில் பகுதியைச் சுட்டுவது. அங்கிருந்து தமிழ் நீலிக்கும் இசக்கிக்கும் தொலைவு அதிகமில்லை.

மண்ணில் இயக்கி

யட்சி என்னும் சொல்லின் தமிழ் வடிவம் இயக்கி. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரைப் புறஞ்சேரியில் உள்ள பூங்கண் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் மாதரியே கவுந்தியடிகளைச் சந்திக்கிறாள். கண்ணகி அடைக்கலம் பெறும் நிகழ்வுக்கு ஓர் இயக்கியின் வழிபாடு வழிவிடுகிறது. ஊர்ப்புறத்தில் உறையும் தெய்வம், ஆய்ச்சியின் படையல் என்னும் இவ்விரு செய்திகளும் இயக்கி வழிபாடு சமண நிறுவனத்திற்குள் மட்டும் அடங்கியதன்று என்பதைக் காட்டுகின்றன. குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் சமணப் புடைப்புச் சிற்பங்களோடு அம்பிகா இயக்கி குழந்தைகளுடன் காணப்படுகிறாள். அவ்விடம் பின்னர் பகவதி கோயிலாயிற்று. இயக்கி என்பதே மக்கள் வழக்கில் இசக்கி என மருவியது என்பர்.

நெல்லை, குமரிப் பகுதிகளில் சுடுமண் இசக்கி இடுப்பில் ஒரு குழந்தையோடும், வாயில் மற்றொரு குழந்தையோடும் நிற்பாள். மகப்பேறு வேண்டுவோர் அவளிடமே நேர்ந்துகொள்கின்றனர். பச்சிளங் குழந்தையின் இழப்புக்கு அஞ்சுவோரும் அவளுக்கே அஞ்சுகின்றனர். வில்லுப்பாட்டில் நீலி கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வருகிறாள். பேஸ்நகர் யட்சியின் வளமும் கேரள யட்சியின் அச்சமும் இங்கு ஒரே உருவில் பிரியாமல் உள்ளன. எனினும் இசக்கி நாட்டாரியல் நூல்களில் இடம்பெறுகிறாள். யட்சி கலை வரலாற்று நூல்களில். தமிழ்ப் பல்கலைக்கழகத் துறைகளின் பிரிவும் இவ்வாறே அமைந்திருப்பதால், வேளார் கைவினை நவீன சிற்ப ஆய்வில் முன்மாதிரி என்னும் தகுதியைப் பெறுவது அரிதாகிவிட்டது. கல்லில் அமைந்தது மரபு, மண்ணில் அமைந்தது வழக்கம் என்னும் இப்பாகுபாட்டுக்குச் சான்றின் அடிப்படை எதுவும் இல்லை.

நாரில் முடிந்த உருவம்

மிருணாளினி முகர்ஜி (1949–2015) 1984இல் ‘யட்சி’ என்று பெயரிட்ட படைப்பைச் செய்தபோது கல்லையும் கான்கிரீட்டையும் நாடவில்லை. சாயமேற்றிய சணப்பு நாரைத் தறியின்றிக் கையாலேயே முடிச்சிட்டு எழுப்பிய உருவம் அது. அவருடைய தந்தை வினோத் பிஹாரி முகர்ஜி சாந்திநிகேதனில் ராம்கிங்கரின் உடன்பணியாளர். பரோடாவில் அவருக்குக் கற்பித்த கே.ஜி. சுப்பிரமணியனும் சாந்திநிகேதன் மாணவரே. எனினும் வங்கி வாயில் யட்சியின் சாயல் இதில் இல்லை. முகமும் கைகால்களும் இன்னவை என்று பிரித்தறிய இயலாது. மடிப்புகள் இதழாகவும் பெண்ணுறுப்பாகவும் ஒருங்கே தோன்றுகின்றன.

ஆனந்த குமாரசாமி 1928, 1931 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட யட்சர் பற்றிய ஆய்வில், நீரோடும் தாவர உயிர்ச்சாற்றோடும் அவர்களுக்குள்ள உறவை முதன்மைப்படுத்தினார். பழஞ்சிற்பி அவ்வுறவைக் காட்ட, பெண்ணின் கையை மரத்தில் வைத்தான். முகர்ஜியிடம் மரமும் பெண்ணும் தனித்தனியே இல்லை. தாவர நாரே மேனியாகிவிட்டது. மூவருள் பழம் உருவின் தோற்றத்திலிருந்து மிகவும் விலகியவர் இவரே. அதன் கருத்துக்கு மிக நெருங்கியவரும் இவரே எனலாம். நார் காலப்போக்கில் தளரும், நிறம் மங்கும். 2019இல் நியூயார்க்கின் மெட் புரூயர் அரங்கில் இப்படைப்புகள் காட்சிக்கு வந்தபோது, அவற்றைச் செய்த கைகள் இல்லாமற்போய் நான்காண்டுகள் ஆகியிருந்தன.

அதே 2019இல் மலம்புழா யட்சிக்கு ஐம்பதாண்டு நிறைந்தது. தேய்ந்த கான்கிரீட்டைச் சீர்செய்ய முதிய வயதில் குஞ்ஞிராமனே திரும்பி வந்தார். சுடுமண் இசக்கிக்கு இவ்வகைச் சீரமைப்பு தேவைப்படுவதில்லை. அவள் உடைந்தால் வேளார் அடுத்த கொடைக்குப் புதிய உருவைச் செய்து தருவர். பழையது அதன் அருகிலேயே மழையில் கரையும்.