அமெரிக்கப் போரும் பம்பாய்ப் பங்குகளும்

ஒரு பொருளின் விலையை அது விளையும் நிலமும் விற்கும் சந்தையும் மட்டுமே தீர்மானிப்பதில்லை. கடலுக்கு அப்பால் இரு படைகள் மோதும்போது, அப்போரைக் கண்டிராத ஊரிலே ஒருவன் செல்வனாகிறான், இன்னொருவன் வறியனாகிறான். 1861 முதல் 1865 வரை பம்பாய் நகரில் நிகழ்ந்தவை இதற்குத் தக்க சான்றாகும்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பகுதி ஆலைகள், தமக்கு வேண்டிய பருத்தியின் பெரும்பகுதியை அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்தே பெற்றுவந்தன. 1861 ஏப்பிரலில் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிடுமாறு சனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கட்டளையிட்டார். பருத்திக் கப்பல்களின் வரவு அருகியது. ஆலைகள் பல மூடப்பட்டன. தொழிலாளர் பட்டினியால் வாடினர்.

ஆலை முதலாளிகள் இந்தியப் பருத்தியை நாடினர். அதன் இழை குட்டையானது. லங்காஷயர் இயந்திரங்களுக்கு அவ்வளவு ஏற்றதன்று. அதனை அவர்கள் விரும்பி வாங்கினார்கள் அல்லர். வேறு போதியளவு கிடையாமையாலேயே வாங்கினார்கள். நேயர்கள் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பருத்தி விலை பன்மடங்காயிற்று. பம்பாய்க்குப் பொன்னும் வெள்ளியும் வந்து குவிந்தன. வந்த பணம் பருத்தி வணிகத்தோடு நின்றுவிடவில்லை. புதிய வங்கிகள் தோன்றின. கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பனிகள் தோன்றின. பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் தரகர் பங்குச் சந்தையின் முடிசூடா மன்னராக விளங்கினார். வணிகரும் எழுதுவினைஞரும் பங்குகளை வாங்கலாயினர். கையிலே பணமில்லாதோரும், 1865 யூலை முதலாந் திகதி பணம் செலுத்துவதாகத் தவணைப் பேரம் பேசினர். அதற்குள் விலை மேலும் ஏறும். விற்று இலாபம் காணலாம் என்பது அவர்களது நம்பிக்கை.

1865 ஏப்பிரல் 9 ஆந் திகதி தென் மாநிலத் தளபதி லீ சரணடைந்தார். அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து செய்தி அனுப்பும் தந்தி அந்நாளில் இயங்கவில்லை. கப்பலேறி இங்கிலாந்தை அடைந்த அச்செய்தி, பின்னரே பம்பாய்க்கு எட்டியது. பருத்தி விலை சரிந்தது. பங்கு விலைகளும் உடன் வீழ்ந்தன. யூலை முதலாந் திகதி வந்தபோது, வாங்குவதாக வாக்களித்தோர் பலரிடம் கொடுக்கப் பணமில்லை. ஒரு காலத்தில் 2,850 ரூபாவுக்கு விலைபோன பம்பாய் வங்கியின் பங்கு, 87 ரூபாவுக்கே விற்கக்கூடியதாயிற்று. பங்குகளை ஈடாகக் கொண்டு தாராளமாகக் கடன் வழங்கிய அவ்வங்கி 1868 இல் மூடப்பட்டது. பிரேம்சந்தும் நொடித்துப்போனார்.

இவ்விழப்பு நகரத்தோடு முடியவில்லை. பருத்தி விலை ஏறிய நாளிலே உழவருக்கு வலிந்து கடன் கொடுத்தோர், விலை இறங்கியதும் கையை இறுக்கினர். கடன் சுமையுடன் நிலவரி உயர்வும் சேர்ந்தது. 1875 இல் பூனா, அகமதுநகர் மாவட்டங்களின் உழவர் கலகம் செய்து, கடன் பத்திரங்களைப் பறித்துத் தீயிட்டனர். அக்கலகத்தின் காரணங்களுள் பருத்தி விலையின் வீழ்ச்சியையும் ஒன்றாக வரலாற்றாசிரியர் கூறுவர்.

இத்தகைய அனுபவம் நம் நாட்டிற்கும் புதிதன்று. 1950 இல் கொரியப் போர் தொடங்கியதும் இறப்பர் விலை வெகுவாக உயர்ந்தது. ஈராண்டுக்குள் அது தாழ்ந்தது. ஆனால், 1952 டிசம்பரில் இலங்கை சீனாவுடன் ஓர் உடன்படிக்கை செய்தது. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரும் 270,000 தொன் அரிசியும் பரிமாறுவதென முடிவாயிற்று. விலையேற்றம் நிலைக்குமென்று பம்பாய் நம்பியிருந்தது. இலங்கையோ விலை தாழ்ந்த வேளையில் நிலையான கொள்வோரைத் தேடிக்கொண்டது.

செல்வம் மிகுந்திருந்த 1864 இல் பிரேம்சந்த் பல்கலைக்கழகத்துக்கு அளித்த நன்கொடையால் எழுந்த ராஜாபாய் மணிக்கூட்டுக் கோபுரம், இன்றும் அந்நகரில் நிற்கின்றது. கொடுத்தது நிலைத்தது; குவித்தது கரைந்தது.

ஆதலின், பணத்தை முதலீடு செய்வோர், விலை எவ்வளவு ஏறியது என்று கேட்பதோடு அமையலாகாது. அது ஏன் ஏறியது, அக்காரணம் நீங்கினால் இப்பொருளை எவர் வாங்குவர் என்றும் கேட்டல் வேண்டும். பம்பாயிலே பருத்தியின் இழை குட்டையானது என்பதை அறியாத வணிகர் இல்லை. அறிந்திருந்தும், போர் ஒருநாள் முடியும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.