மெழுகில் பதித்த இரைப்பைப் புற்றுத் திசுவில் ஹெலிகோபாக்டர் பைலோரியைக் கண்டறிதல்

இரைப்பைப் புற்றுநோயாளியிடமிருந்து எடுத்து, ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த திசுவில் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியாவின் டிஎன்ஏ இருக்கிறதா என்று தேடும் ஆய்வக முறை. இந்தப் பாக்டீரியாவை 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வளர்த்தெடுத்தார்கள். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே இதை உறுதியான புற்றுக்காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மெழுகுக்கட்டியில் உள்ள கிருமிக்கு உயிர் இல்லை. அதை வளர்த்துப் பார்க்க வழியில்லை. டிஎன்ஏ மட்டும் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். கட்டியை மைக்ரோடோமில் மெல்லிய சீவல்களாக வெட்டி, சைலீனால் மெழுகைக் கரைத்து, புரோட்டினேஸ்-கே நொதியால் புரதத்தைச் சிதைத்து டிஎன்ஏவைப் பிரிக்கிறார்கள். பிறகு பிசிஆர் முறையில் பெருக்குகிறார்கள். சிக்கல் ஃபார்மலினில்தான். அது டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைக்கிறது. டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்தும் போகிறது. நீளமான பகுதியைத் தேடினால் கிருமி இருந்தும் அகப்படாது. ஏறத்தாழ 200 கார இணைகளுக்கு உட்பட்ட சிறு பகுதிகளே நம்பகமானவை. அதே மாதிரியில் பீட்டா-குளோபின் போன்ற மனித மரபணு ஒன்றையும் பெருக்கிப் பார்ப்பது கட்டாயம். அது பெருகவில்லை என்றால், 'கிருமி இல்லை' என்ற முடிவுக்குப் பொருளே இல்லை.

யூரியேஸ் நொதிக்கான யூரே-ஏ, ஜிஎல்எம்-எம், 16எஸ் ஆர்ஆர்என்ஏ ஆகிய மரபணுக்களை வழக்கமாகத் தேடுகிறார்கள். 16எஸ் வரிசை மற்ற பாக்டீரியாக்களிலும் பெருமளவு ஒத்திருப்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு மரபணுக்களாவது ஒத்துச் சொல்ல வேண்டும். கேக்-ஏ, வேக்-ஏ மரபணுக்கள் கிருமியின் வீரியத்தைக் காட்டும். 23எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவின் சில மாற்றங்கள் கிளாரித்ரோமைசின் மருந்துக்கு அது கட்டுப்படாது என்பதைத் தெரிவிக்கும். சீவல் வெட்டும்போது ஒரு மெழுகுக்கட்டியின் துணுக்கு அடுத்ததில் ஒட்டினாலே பொய் முடிவு வரும். எனவே கட்டிக்குக் கட்டி கத்தியை மாற்றி, திசுவில்லாத வெறும் மெழுகையும் கூடவே சோதிக்கிறார்கள்.

அத்தனையும் சரியாக நடந்தாலும் கிருமி தென்படாமல் போகலாம். நாட்பட்ட தொற்றில் இரைப்பைச் சுரப்பிகள் தேய்ந்து அமிலம் குறைகிறது. உட்சவ்வு குடல் சவ்வைப் போல மாறுகிறது. தான் கெடுத்த அந்த இடத்தில் பைலோரியே நிலைக்க முடிவதில்லை. அதனால் புற்றுப் பகுதியோடு, அதையொட்டிய புற்றில்லாத சவ்வையும் சோதிப்பது அவசியம். புற்றுப் பகுதியை மட்டும் பார்த்து 'பைலோரி இல்லை' என்று எழுதிய அறிக்கையை, நோயாளிக்கு அந்தத் தொற்று ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.