சிரிப்புக்குப் பின் வரும் அறிவு: பாமாவின் ‘கருக்கு’ குறித்து ஒரு மறுவாசிப்பு

பாமாவின் எழுத்து வாழ்க்கையைப் படிப்படியான வளர்ச்சியாகக் காட்டும் ஆய்வுப் போக்கு ஒன்று நிலைபெற்றுவிட்டது. கன்னியர் மடத்திலிருந்து வெளியேறிய பெண்ணின் வலி 1992இல் ‘கருக்கு’ என்ற தன்வரலாறாகப் பீறிட்டது. 1994இல் ‘சங்கதி’ வழியே அவர் புனைவை நெருங்கினார். 2002இல் ‘வன்மம்’ வந்தபோது நாவலாசிரியரானார் என்பது அதன் சுருக்கம். ‘கருக்கு’ ஒரு சாட்சியம், வடிவம் பற்றிய அக்கறை அதற்கில்லை என்பது இதன் எடுகோள். அந்த எடுகோள் பிழையானது என்பதே என் வாதம்.

அந்நூலிலிருந்து அடிக்கடி எடுத்தாளப்படும் பகுதியையே இங்கு ஆதாரமாகக் கொள்கிறேன். தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு வந்து, நிலவுடைமையாளரான நாயக்கர் முன் குனிந்து நீட்டுகிறார். மூன்றாம் வகுப்புச் சிறுமி அதைப் பார்க்கிறாள். தீண்டாமைக்குச் சான்றாக இக்காட்சியை எடுத்தாள்வோர் பெரும்பாலும் பெரியவர் வரும் இடத்திலிருந்தே தொடங்குகின்றனர். அதற்கு முன்னால் இருப்பது விடுபட்டுப்போகிறது.

முன்னால் இருப்பது ஒரு கடைத்தெரு. பத்து நிமிடத்தில் வீடு சேர வேண்டிய சிறுமி அரை மணி, ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறாள். குரங்காட்டி, பாம்பாட்டி, நாள்கணக்கில் இறங்காமல் சைக்கிள் ஓட்டுபவர், பொம்மலாட்டம், கிளப்புக் கடையில் காப்பி ஆற்றுபவரின் கைலாவகம் என வரிசை நீள்கிறது. தெருவுக்கு வந்தால் களத்தில் பிணையல் மாடுகள் சுற்றுகின்றன. அதன் பிறகே பொட்டலம் வருகிறது. அன்றைய வேடிக்கைகளில் கடைசி வேடிக்கையாக அது வருவதால் சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. அவளோடு நடந்துவந்த வாசகருக்கும் வருகிறது. வீட்டில் அதை நடித்துக் காட்டாத குறையாகச் சொல்லும்போது அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்ற காரணத்தை அவர் சொன்னதும் சிறுமியின் சிரிப்பு துயரமாகி, சினமாகிறது. சற்றுமுன் சிரித்த வாசகருக்கு அச்சிரிப்பு குற்றமாக உறுத்துகிறது.

அச்சிறுமியே வளர்ந்து இதை எழுதியபோது முப்பது வயதைக் கடந்தவர். பொட்டலத்தின் பொருள் முதல் வரியிலேயே அவருக்குத் தெரியும். தெரிந்ததை அவர் நிறுத்திவைக்கிறார். யாருக்கு எது எப்போது தெரிய வேண்டும் என்று முடிவெடுப்பது நாவலாசிரியரின் வேலை. அந்த வேலை இங்கே குறைவற நடந்திருக்கிறது.

‘சங்கதி’யில் இதே உத்தி தலைகீழாக இயங்குகிறது. மாரியம்மாவிடம் முறைகேடாக நடக்க முயன்றவன் நிலவுடைமையாளன் என்பது வாசகருக்கு முன்பே தெரியும். ஊர்ப் பஞ்சாயத்தோ அவள்மீதே பழிசுமத்தித் தண்டம் விதிக்கிறது. ‘கருக்கு’ அறிவைத் தாமதப்படுத்துகிறது, ‘சங்கதி’ முந்தித் தருகிறது. இரண்டும் ஒரே கையின் பயிற்சி.

ஒரு காட்சியை வைத்து முழு நூலையும் அளந்துவிட முடியாது. நூலின் எல்லாப் பக்கங்களும் இதே இறுக்கத்தோடு இருப்பதாகவும் நான் சொல்லவில்லை. இது பேச்சுவழக்குக் கதைசொல்லலின் இயல்பு, திட்டமிட்ட கலையல்ல என்பாருண்டு. வாய்மொழிக் கதைசொல்லிக்குக் கலையில்லை என்று நம்புவோருக்கே அந்த மறுப்பு பொருந்தும். கட்டமைப்பைப் பற்றிப் பேசினால் சாட்சியத்தின் உண்மை நீர்த்துப்போகும் என்ற கவலை அதைவிட மதிக்கத்தக்கது. ஆனால் நிகழ்ந்ததை எந்த வரிசையில் சொல்வது என்று தேர்வதும், நிகழாததைச் சேர்ப்பதும் ஒன்றல்ல. பாமா வரிசையைத் தேர்ந்தார். கொடுமையின் உண்மை வாசகரைத் தைப்பதும் அத்தேர்வால்தான்.

தலித் எழுத்தாளர் வலியைத் தருவார், வடிவத்தைப் பின்னர் கற்றுக்கொள்வார் என்ற எண்ணம் இலக்கிய வரலாற்றுக்குள் நுழைந்த படிநிலைப் பார்வையே. நாவலாசிரியர் பாமாவின் தொடக்கம் 1992 என்று வரலாறு திருத்தி எழுதப்பட வேண்டும். பாடத்திட்டங்களும் அக்காட்சியைக் கடைத்தெருவிலிருந்தே கற்பிக்க வேண்டும்.