நேர்காணலின் எடை

திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றை ஒட்டிய தாடிக்கொம்பு இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தாலும், 1985க்கு முன் அது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஊராக இருந்தது. அவ்வூர் மாணவர் ஒருவர் 1970இல் மருத்துவப் படிப்பை நாடியிருந்தால், பாடத்தேர்வு மதிப்பெண்ணோடு, ஒரு குழுவின் முன் அமர்ந்து விடை சொல்லும் திறமும் அவருடைய இடத்தை முடிவு செய்திருக்கும். அவ்வாண்டில் மொத்தம் 275 மதிப்பெண்களில் 75 நேர்காணலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன; விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடம் கடந்த சேவை, உடல்நிலை, பொதுத்திறன், நாட்டத்திறன் ஆகிய தலைப்புகளில் அவை வழங்கப்பட வேண்டும் என்பது விதி. நாட்டத்திறன் என்பது ஒரு துறையைக் கற்றுக்கொள்ள ஒருவரிடம் இயல்பாக அமைந்துள்ள ஆற்றலைக் குறிக்கும் உளவியல் சொல்.

இம்முறை பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. தலைப்புவாரியாக மதிப்பெண் இடாமல் மொத்தமாக இட்டது விதிக்கு முரண் என்று நீதிமன்றம் கண்டது. 275இல் 75 என்பதே மேலோட்டமாகப் பார்க்கும்போது மிகையாகத் தோன்றுகிறது என்றும் கூறியது. சென்னைக் கல்லூரிகளை ஓர் அலகாகவும் வெளியூர்க் கல்லூரி ஒவ்வொன்றையும் தனி அலகாகவும் பிரித்ததும் ஏற்கப்படவில்லை. ஆயினும் நேர்காணலையே நீதிமன்றம் நிராகரித்துவிடவில்லை. பின்னர் 1980இல், காஷ்மீரின் பொறியியல் கல்லூரி ஒன்றைப் பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று அது வரையறுத்தது. தமிழ்நாட்டில் 1984இல் தொழிற்படிப்புகளுக்கு நேர்காணலின் இடத்தில் நுழைவுத்தேர்வு வந்தது. 2007இல் அதுவும் நீங்கியது.

இங்கு வருந்தத்தக்கது, நேர்காணலின் குறையை உளவியல் வெகு முன்னரே கண்டிருந்தது என்பதுதான். அமெரிக்க உளவியலாளர் வால்டர் டில் ஸ்காட் 1915 அளவிலேயே, ஒரே விண்ணப்பதாரர்களை நேர்கண்ட விற்பனை மேலாளர்கள் அவர்களை வரிசைப்படுத்துவதில் பெரிதும் முரண்பட்டதைக் காட்டியிருந்தார். அடுத்த ஆண்டே கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும், 1924இல் மைசூரிலும், 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறைகள் தோன்றின. சென்னைத் துறையைத் தொடக்கத்தில் நடத்தியவர் ஜி. டி. போவாஸ். அளவிடும் அறிவியலை வைத்திருந்த நாட்டில், சில நிமிட உரையாடலின் மீது ஓர் இளைஞரின் வாழ்க்கை நிறுத்தப்பட்டது. ஆங்கிலம் புழங்காத வீட்டிலிருந்து வந்தவருக்கு அந்த நிமிடங்கள் எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை மதிப்பெண் பட்டியல் எதுவும் பதிவு செய்வதில்லை.

தொழிற்படிப்புகளில் நீங்கிய நேர்காணல் வழக்கம் ஆய்வுப் படிப்புகளில் தொடர்கிறது. பல்கலைக்கழகங்கள் தாமே நடத்தும் முனைவர் பட்ட நுழைவுத்தேர்வில், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் தருகின்றன. இது 1970இன் விகிதத்தைவிடச் சற்று மிகுதி. உளவியல் மாணவர் இதற்கு அணியமாவது என்பது, தாம் ஆராய விரும்பும் வினாவை, அதை எந்தச் சோதனையால் அளக்க இயலும், அந்தச் சோதனை தமிழ் பேசுவோருக்குப் பொருந்துமாறு செம்மைப்படுத்தப்பட்டுள்ளதா என்பவற்றோடு சேர்த்து, தடுமாறாமல் விளக்கப் பழகுவதாகும். எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே வினாக்களை ஒரே வரிசையில் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலால் மதிப்பிடும் கட்டமைந்த நேர்காணலே நம்பகமானது என்று உளவியலாய்வுகள் பல பத்தாண்டுகளாகக் கூறிவருகின்றன. அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வரும் மாணவர், தம்மை மதிப்பிடும் குழு அதைப் பின்பற்றுகிறதா என்று கேட்க இயலாத நாற்காலியில் அமர்கிறார்.