ரிஷப் பந்த்: காபா வெற்றியும் கார் விபத்தும் கடந்த டெஸ்ட் பயணம்

புது தில்லி: இந்திய விக்கெட் கீப்பர்-பேட்டரான ரிஷப் பந்த், உத்தராகண்ட் மாநிலம் ரூர்க்கியில் 1997 அக்டோபர் 4-ஆம் தேதி பிறந்தவர். தில்லி சோனட் கிளப்பில் பயிற்சியாளர் தாரக் சின்ஹாவிடம் பயின்ற அவர், 2016-ஆம் ஆண்டு ரஞ்சி கோப்பைப் போட்டியில் தில்லி அணிக்காக மகாராஷ்டிரத்துக்கு எதிராக 308 ரன்கள் குவித்துத் தேர்வாளர்களின் கவனத்தை ஈர்த்தார்.

2017 பிப்ரவரியில் பெங்களூருவில் இங்கிலாந்துக்கு எதிராக டி20 போட்டியில் அறிமுகமானார். 2018 ஆகஸ்டில் நாட்டிங்ஹாமில் டெஸ்ட் அரங்கில் நுழைந்தபோது, முதல் ரன்களையே சிக்ஸராக எடுத்தார். அதே தொடரின் ஓவல் டெஸ்டில் 114 ரன்கள் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் டெஸ்ட் சதமடித்த முதல் இந்திய விக்கெட் கீப்பரானார். அவ்வாண்டு டிசம்பரில் அடிலெய்ட் டெஸ்டில் 11 கேட்ச்களைப் பிடித்து உலக சாதனையைச் சமன் செய்தார். கீப்பிங் குறித்த விமர்சனங்கள் அதன் பின்னரும் ஓயவில்லை.

2021 ஜனவரி 19-ஆம் தேதி பிரிஸ்பேன் காபா மைதானத்தில் 328 ரன்கள் இலக்கைத் துரத்திய இந்தியா, பந்த் ஆட்டமிழக்காமல் எடுத்த 89 ரன்களால் வென்று தொடரையும் கைப்பற்றியது. அவர் அடித்த எட்டு டெஸ்ட் சதங்களில் அகமதாபாத், சென்னை சதங்கள் இரண்டு மட்டுமே இந்தியாவின் வெற்றியில் முடிந்தவை. ஆகவே சதமாகாத இந்த ஆட்டமே அவரது மிகப் பெரிய பங்களிப்பு எனலாம்.

2022 டிசம்பர் 30 அதிகாலை, ரூர்க்கி அருகே அவர் ஓட்டிச் சென்ற கார் சாலைத் தடுப்பில் மோதித் தீப்பற்றியது. அவ்வழியே வந்த பேருந்தின் ஓட்டுநரும் நடத்துநரும் உதவிக்கு விரைந்தனர். வலது முழங்கால் தசைநார்கள் கிழிந்ததால் மும்பையில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி, ஒருநாள் உலகக் கோப்பை உள்பட 2023-ஆம் ஆண்டு முழுவதையும் அவர் இழந்தார். மீண்டும் கீப்பிங் செய்ய இயலுமா என்பதே அப்போது ஐயமாக இருந்தது.

2024 மார்ச்சில் ஐபிஎல் மூலம் களம் திரும்பிய அவர், ஜூனில் டி20 உலகக் கோப்பை வென்ற அணியிலும் இடம்பெற்றார். செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக, விபத்துக்குப் பிந்தைய முதல் டெஸ்டிலேயே 109 ரன்கள் எடுத்து, தோனியின் ஆறு டெஸ்ட் சதங்களை எட்டினார்.

2025 ஜூனில் லீட்ஸ் டெஸ்டின் இரு இன்னிங்ஸ்களிலும் சதமடித்தார் (134, 118). ஜிம்பாப்வேயின் ஆண்டி பிளவருக்குப் பிறகு இச்சாதனையைப் புரிந்த இரண்டாவது விக்கெட் கீப்பர் இவரே. அடுத்த மாதம் மான்செஸ்டரில் கிறிஸ் வோக்ஸின் பந்து பாதத்தைத் தாக்க, 37 ரன்களில் களத்தைவிட்டு வெளியேறினார். மறுநாள் நொண்டியபடியே திரும்பி வந்து அரைசதம் கடந்து, 54 ரன்களில் ஆட்டமிழந்தார்.