மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

ஸ்போர்ட்ஸ் காருக்கு வேற சைலன்சர் பூட்டலாமோ எண்டு எங்களுக்குள்ள அடிக்கடி வாக்குவாதம் வரும். யாழ்ப்பாணத்தில் வாகனத்தை மாற்றியமைத்த கதையோ வேறு.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்க, பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது. கிடைத்த கொஞ்சமும் யானை விலை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயைத் திறந்து விடுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்றபடியால் தாங்கியது; இன்றைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் என்றால் 'நொக்' அடித்தே செத்திருக்கும். சைலன்சரால் வந்தது புகையும் நாற்றமும். அதில் பெருமைப்பட என்ன இருக்கு? நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் காணும்.

இப்ப சைலன்சரை மட்டும் மாற்றினால் வலு கொஞ்சம்தான் கூடும், மிச்சமெல்லாம் சத்தம். வெடிச்சத்தம் மாதிரிக் கேட்டால் இப்பவும் திடுக்கிடுகிற ஆட்கள் எங்கட ஒழுங்கைகளில் இருக்கினம். அதால நாங்கள் வேண்டாம் என்ற பக்கம். எங்களிலேயே ரெண்டு பேர் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை.