குலசை சாலையும் நஷ்ட ஈட்டு வழக்கும்

தசராவுக்குக் கொடி ஏறினால் குலசை என்னும் குலசேகரன்பட்டினத்துச் சாலையில் காளியும் குறத்தியும் குரங்கும் நடமாடத் தொடங்கிவிடுவார்கள். முத்தாரம்மனுக்கு வேடம் நேர்ந்தவர்கள் குழுவாகச் சேர்ந்து, மேளத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பிரித்து, கடைசியில் கோயிலில் கொண்டுவந்து செலுத்துவார்கள். பல குழுக்களுக்குக் கிடைக்கும் வாகனம் லோடு வண்டிதான். அந்த வண்டி கவிழ்ந்தால் அடிபட்டவர்களுக்கு யார் பணம் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். ஒருவர் செய்த தவறால் இன்னொருவர் இறந்தால், அவருடைய கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று 1855-லேயே ஆங்கிலேய ஆட்சி சட்டம் போட்டது. ஆனால் அதற்கு சிவில் வழக்குத் தொடுக்க வேண்டும். கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டும். கூலி வேலைக்குப் போய்ப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி.

அன்றைய குலசையில் மோட்டார் வண்டியே கிடையாது. பிறகு பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையோடு ஒரு குட்டி ரயில் வந்தது. 1940-ல் அது நின்றுபோனது. அதன்பின் போக்குவரத்தெல்லாம் சாலையை நம்பித்தான். அதற்கு முந்தைய ஆண்டு, 1939 ஜூலை 1 அன்றுதான் மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது 1946-ல். விபத்து வழக்குக்கென்று தனித் தீர்ப்பாயம் அமைக்க வழிசெய்தது 1956-ஆம் ஆண்டுத் திருத்தம். ஆனால் அறுபதே நாளில் மனு போட வேண்டும் என்று கெடுவும் வைத்தது. குலசைக்காரர்களுக்கு அப்போது மாவட்டத் தலைநகர் திருநெல்வேலி. மேல்முறையீடு என்றால் சென்னை. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல், மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறந்தது 2004-ல்.

உண்மையான திருப்பம் 1982. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே, சாவுக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் கேட்கலாம் என்றானது. தொகை சிறியதுதான்; ஆனால் நிரூபிக்கும் சுமை அந்த அளவுக்கு விதவையின் தலையிலிருந்து இறங்கியது. 1994-ல் காலக்கெடுவே போயிற்று. விபத்து சென்னையில் நடந்தாலும், குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம் என்றும் ஆனது. இல்லத்தரசியின் வீட்டு உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2021-ல் அழுத்தமாகச் சொன்னது.

வக்கீல் இந்தக் கதைக்குள் வரும் விதம் தனி. அமெரிக்காவில் 1977-ல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு வக்கீல்கள் விளம்பரம் செய்கிறார்கள். இங்கே பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. வழக்குத் தேடிப் போகக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு பேசவும் கூடாது. விதி நல்லது. ஆனால் அந்த இடைவெளியில் புரோக்கர் புகுந்துவிடுகிறார். ஆஸ்பத்திரி வார்டில், காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, நிரப்பாத வக்காலத்தில் கையெழுத்துக் கேட்பவரிடம் குடும்பம் சிக்கக் கூடாது. முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், ஆர்.சி. புத்தகம், பாலிசி ஆகியவற்றின் நகல்களைக் கையில் வைத்துக்கொண்டு, எம்.சி.ஓ.பி. எனப்படும் விபத்து நஷ்ட ஈட்டு வழக்குகளை நடத்திப் பழகிய வக்கீலை நேரில் பார்ப்பதுதான் சரி.

லோடு வண்டிக் கேள்விக்கு 2002-ல் உச்ச நீதிமன்றம் தந்த பதில் கசப்பானது. ஆஷா ராணி வழக்கில், சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போனவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்றது. அப்படியானால் வண்டிக்காரர்தான் கொடுக்க வேண்டும். அவரிடம் இருப்பதோ, பல நேரம், கவிழ்ந்த அந்த வண்டி மட்டும்தான்.

அரசு பஸ் என்றால் கதை வேறு. காப்பீட்டிலிருந்து சட்டம் தந்த விலக்கில், தனி நிதியிலிருந்து போக்குவரத்துக் கழகமே பணம் தர வேண்டும். தராவிட்டால் கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கண்ணாடியில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டுவார். பயணிகள் பையோடு இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்கள். தமிழ்நாட்டில் பலமுறை பார்த்த காட்சி இது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், 1994-ல் போன கெடுவை, 2022 ஏப்ரலிலிருந்து, ஆறு மாதம் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டது. கால் எலும்பு முறிந்து கம்பி வைத்தவர் ஊன்றி நடப்பதற்கே அத்தனை மாதம் ஆகிவிடும். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன.